மிலோயே மாமா வீட்டு அப்டேட்

எங்கள் அடுக்குமாடியில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற ஒரே ஆள் நான் என்பதால், பழுதான சலவை இயந்திரம் முதல் கண் ஆபரேஷன் வரை எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் அபிப்பிராயம் கேட்பார்கள். நிஷ் நகரத்துக் கல்லூரியிலிருந்து சனிக்கிழமை வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் யாராவது படிக்கட்டில் நின்று கூப்பிடுவார்கள். இந்த முறை எதிர்வீட்டு ராத்மிலா அத்தை.

"ஓக்னென்! வந்துட்டியா? பை அங்கயே கெடக்கட்டும், அப்படியே வா. கம்ப்யூட்டர்ல அந்த ஆள் மறுபடி வந்து நிக்கிறான்."

அந்த ஆள் என்பது ஆள் இல்லை. திரையின் கீழ் மூலையில் எட்டிப் பார்க்கிற ஒரு சின்னக் கட்டம். 'உங்கள் டச்பேட்டுக்குப் புதிய ஃபர்ம்வேர் தயார். இப்போதே நிறுவவா? பிறகு நினைவூட்டவா?' விரல் வைத்துத் தேய்க்கிறோமே அந்தச் சதுரம், அதற்குள்ளேயே குடியிருந்து அதை நடத்துகிற குட்டி நிரலுக்குத்தான் ஃபர்ம்வேர் என்று பெயர். இந்தக் கட்டம் கோடை முழுவதும் வந்துகொண்டிருந்தது. வாசலில் கோட்டு சூட்டோடு வந்து மணியடிக்கிற முன்பின் தெரியாத மனிதனை எப்படி நடத்துவார்களோ, அப்படியே அதையும் அத்தை வீட்டில் நடத்தினார்கள். கதவைத் திறப்பதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் யாரும் இல்லாதது போல இருந்து, அவன் போய்விட்டானா என்று அப்புறம் எட்டிப் பார்ப்பார்கள்.

உள்ளே போனேன். குடமிளகாய்க் காலம். எங்கள் க்ரால்யேவோ ஊரில் செப்டம்பர் மாதம் எந்த பால்கனியைப் பார்த்தாலும் தீப்பிடித்தது போலப் புகையும். தீயணைப்புக்காரர்களும் வீட்டில் மிளகாய் வாட்டிக்கொண்டிருப்பதால் யாரும் பதறுவதில்லை. அத்தையின் கணவர் மிலோயே மாமா பால்கனியில் பனியனோடு நின்று, தன் கை நீளத்துக்கு ஒரு மரக்கரண்டியால் அய்வார் கிண்டிக்கொண்டிருந்தார். குளிர்காலம் முழுவதும் ரொட்டியில் தடவித் தின்பதற்கான சிவப்பு விழுது அது. ஒரு நிமிடம் கிண்டாமல் விட்டால் அடிப்பிடிக்கும்.

அவர்கள் மகள் துன்யா, லேஸ் விரிப்புப் போட்ட மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மூத்தவள். இப்போது ஊர் மருத்துவமனையில் நர்ஸ்.

எங்கள் ஊரில் குழாய்க்காரர், எலக்ட்ரீஷியன், பல் டாக்டர் யாரானாலும் வேலையைத் தொடங்குமுன் ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும். கேட்டு, பதில் வந்ததும் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் தொழில் தெரிந்தவன் என்று நம்புவார்கள். நானும் கேட்டேன்.

"இதுக்கு முன்னாடி இதுல கை வச்சது யாரு?"

"நீதான். போன குளிர்காலத்துல," என்றாள் துன்யா.

"அதான் பார்த்தேன். சுத்தமா செஞ்சிருக்கு."

"டேய், விளையாடாத. திங்கட்கிழமை காலைல எனக்கு ஜெர்மன் பரீட்சை."

விஷயம் இதுதான். ஊல்ம் என்ற ஜெர்மன் ஊரில் ஒரு மருத்துவமனை அவளுக்கு வேலை வைத்திருக்கிறது. மொழிப் பரீட்சையில் தேறினால் போகலாம். தலைநகர் பெல்கிரேடில் போய் எழுத வசந்தகாலம் வரை இடம் இல்லை. ஊல்ம் அதுவரை காத்திருக்காது. ஆகவே வீட்டிலிருந்தே, கேமரா பார்த்துக்கொண்டிருக்க, இந்த லேப்டாப்பில் எழுத வேண்டும்.

"மவுஸ் ஒண்ணு மாட்டிக்கோயேன்," என்றேன்.

"மாட்டக் கூடாது. மேசைல லேப்டாப்பும் ஒரு டம்ளர் தண்ணியும் மட்டும்தான் இருக்கலாம். முடியை ஒதுக்கி ரெண்டு காதையும் காட்டணுமாம். காதுக்குள்ள எவனாவது ஜெர்மன்காரன் உக்காந்து சொல்லிக் குடுப்பான்னு சந்தேகம்."

"சந்தேகப்படுறாங்கன்னா ஒழுங்கான ஆளுங்கதான்!" என்று பால்கனியிலிருந்து குரல் வந்தது.

துன்யா மாதிரித் தேர்வைத் திறந்து காட்டினாள். வார்த்தைகளை விரலால் இழுத்து, வாக்கியத்தில் காலியாக விட்ட இடத்தில் போட வேண்டும். அவள் 'மருந்து' என்ற வார்த்தையைப் பிடித்து இழுத்தாள். அம்புக்குறி பாதி வழி நல்லபிள்ளையாக வந்தது. அப்புறம் யாரோ பின்னாலிருந்து தள்ளிய மாதிரி வலப்பக்கம் குதித்தது. 'நோயாளிக்கு தினமும் இருவேளை மேம்பாலம் கொடுக்க வேண்டும்' என்று ஜெர்மனில் ஒரு வாக்கியம் உருவானது.

"இத வச்சு என்னைய ஜெர்மனிக்குள்ள விடுவாங்களா?"

"கட்டடத் துறையில விடுவாங்க."

அத்தை காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சமையலறை ஜன்னலை ஓடிப்போய்ச் சாத்தினார். "நான் அப்பவே சொன்னேன். குறுக்குக் காத்து. ரெண்டு பக்கமும் தொறந்து வச்சா மனுஷனுக்கே கழுத்துப் பிடிச்சுக்குது. அதுக்கு என்ன தெரியும், பாவம்."

குறுக்குக் காற்றை நான் மறுக்கவில்லை. எங்கள் ஊரில் மறுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு யாரும் போவதில்லை.

"அந்த அப்டேட்டைப் போட்டா சரியாயிடலாம்," என்றேன்.

மரக்கரண்டி நின்றது. மிலோயே மாமா கதவுக்குள் தலையை நீட்டினார். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தொழிற்சாலையைத் தனியாருக்கு விற்றபோது, 'எல்லாம் உங்கள் நன்மைக்கே' என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றவர். போட்டவர்களுக்கும் வேலை போனது, அவருக்கும் போனது. ஆனால் அன்றிலிருந்து அவர் சொல்வதுதான் சரி என்று வீட்டில் ஒரு எண்ணம்.

"யாரு அனுப்புறான் இத?"

"தயாரிச்ச கம்பெனி, மாமா."

"இனாமாவா?"

"இனாமாத்தான்."

"ஏன்?"

நான்கு வருடம் படித்தும் இந்தக் கேள்விக்கு எங்கள் கல்லூரியில் பதில் சொல்லித் தரவில்லை. கட்டத்தை விரித்து அதில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். 'டச்பேட்டின் நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டுள்ளது.'

"மேம்படுத்திட்டாங்களாம்," என்றார் மாமா அத்தையிடம். "அப்போ நமக்கு விக்கும்போதே மட்டமானதுன்னு தெரிஞ்சிருக்கு. அடுத்து என்ன போட்டிருக்கான்?"

"நிறுவும்போது மின்சாரம் தடைப்பட்டால் டச்பேட் நிரந்தரமாகச் செயலிழக்கக்கூடும்."

"பாத்தியா! வேலை தெரிஞ்சவன் மிரட்ட மாட்டான். அதுவும் பரீட்சைக்கு முன்னாடி வந்து நிக்கிறான் பாரு. பரீட்சை இருக்குன்னு அவனுக்கு யாரு சொன்னது?"

"கோடைலேர்ந்து வந்துகிட்டு இருக்குப்பா," என்றாள் துன்யா.

"அப்போ கோடைலேர்ந்தே தெரிஞ்சிருக்கு."

உண்மையைச் சொல்வதானால் எனக்கும் அந்தக் கட்டத்தின் மேல் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. செல்பேசியில் தேடினேன். இதே மாடல் வைத்திருக்கும் போலந்துக்காரர் ஒருவர், அப்டேட் போட்டேன், புதிது போல ஆகிவிட்டது என்று எழுதியிருந்தார். போர்ச்சுகல்காரர் ஒருவர், இப்போது போடப்போகிறேன் என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு அவர் எதுவும் எழுதவில்லை. சரியாகிவிட்ட மகிழ்ச்சியில் மறந்துபோயிருக்கலாம். எழுத முடியாத நிலைமையாகவும் இருக்கலாம். மாமாவிடம் போலந்துக்காரரைப் பற்றி மட்டும் சொன்னேன்.

"அந்தப் போலந்துக்காரன் கம்பெனி ஆளா இருப்பான்," என்றார் மாமா.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நேரம் கடத்துவதற்காக டச்பேட்டில் விரல் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். வலது ஓரத்தில் ஏதோ நெளிந்தது. குனிந்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தேன். கடையிலிருந்து வரும்போது ஒட்டியிருக்குமே, கண்ணாடி போல ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள், அது அப்படியே இருந்தது. ஓரங்கள் அழுக்கேறிச் சுருண்டு, வலப்பக்கம் காற்று புகுந்து ஒரு கொப்புளம். அம்புக்குறி சரியாக அந்தக் கொப்புளத்துக்கு வரும்போதுதான் குதித்தது.

போன குளிர்காலத்தில் நான் இதை ஏன் பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பார்த்திருப்பேன். எங்கள் வீட்டு டிவி ரிமோட்டில் உண்டு, ஃபிரிட்ஜ் கதவில் உண்டு, அப்பாவின் காரில் ஸ்பீடோமீட்டர் மேல் உண்டு. என் சொந்த லேப்டாப்பின் டச்பேட்டிலும் உண்டு. உரித்துவிட்டால் பொருள் பழசாகிவிடும் என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. மேசைமேல் விரிப்பு இருப்பதைப் போய் யார் கவனிப்பார்கள்?

"அப்டேட்டே வேண்டாம்," என்றேன். "இந்தத் தாளை உரிச்சா போதும்."

சாப்பாட்டு மேசையில் கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி அத்தை என்னைப் பார்த்தார்.

"உரிக்கிறதா?" என்றார் மாமா.

"உரிக்கிறதுதான். அது ஒட்டி வச்சதே கடைக்கு வர்ற வரைக்கும்தான் மாமா."

"கடைக்காரன் உரிச்சுக் குடுக்கலையே. அவனுக்குத் தெரியாதா?" மரக்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். "இது புதுசு தம்பி. இன்னும் புதுசாத்தான் இருக்கு. உரிச்சா நாளைக்கு எவன் வாங்குவான்?"

"எதுக்குப்பா விக்கணும்?" என்றாள் துன்யா.

"விக்கணும்னு யாரு சொன்னா? ஊல்ம்ல உனக்கு ஆஸ்பத்திரியிலயே புதுசு குடுப்பாங்க. இது இங்கயே இருக்கும். இருக்கறது நல்லபடியா இருக்கணும்ல?"

"யாருக்கு இருக்கணும்? உங்களுக்கு இத ஆன் பண்ணவே தெரியாது."

"சும்மா இருக்கும். உன் ரூம்ல."

துன்யா மெதுவாகச் சொன்னாள்.

"மொதல்ல இனாமா ஏன் குடுக்கறான்னீங்க. அப்புறம் பரீட்சை இருக்கறது தெரிஞ்சு வந்திருக்கான்னீங்க. போலந்துக்காரனையும் நம்பல. இப்போ ஒரு துண்டு பிளாஸ்டிக். நான் போகக் கூடாதுன்னு ஒரே வார்த்தையில சொல்லிடுங்களேன், இவ்வளவு சுத்துவானேன்?"

"நானா? உன்னையா?" மாமாவுக்கு முகம் மிளகாய் நிறமானது. "ஓக்னென், போடுடா அப்டேட்ட. இப்பவே போடு."

"இப்ப ஏன் போடச் சொல்றீங்க?"

"நீதானே கேட்ட?"

"கொஞ்சம் முன்னாடி அது உளவாளி. இப்போ நல்லவனாயிட்டானா? போட்டா கெட்டுப்போக வாய்ப்பு இருக்குன்னு இவன் படிச்சுக் காட்டினான்ல, அதனாலதானே போடுங்கறீங்க?"

அத்தை என் பக்கம் குனிந்து, "காப்பியைக் குடி, ஆறிடும்," என்றார். குடித்தேன். அப்டேட்டை வேண்டாம் என்றவர் போடு என்கிறார். போடலாம் என்றிருந்தவள் கூடாது என்கிறாள். இவர்கள் இரண்டு பேரையும் எங்கள் நாட்டு நாடாளுமன்றத்தில் எதிரெதிரே உட்கார வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

கடைசியில் துன்யா லேப்டாப்பை அப்பா பக்கம் திருப்பினாள்.

"சரி, ஒண்ணு செய்ங்க. நான் போறதுல உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னா, நீங்களே உரிங்க."

மாமா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். உட்கார்ந்தார். கட்டைவிரல் நகத்தால் ஓரத்தைக் கிளப்பினார். பாதி வழியில் நிறுத்தி, "திருப்பி ஒட்டலாம்ல?" என்று என்னிடம் கேட்டார். ஒட்டலாம் என்றேன். பொய்தான். சர்ரென்று ஒரு சத்தத்தோடு தாள் கையோடு வந்தது. அதைத் தரையில் விடாமல், ஜன்னல் கண்ணாடியில் சுருக்கமில்லாமல் ஒட்டிவைத்தார்.

"போகுதா பாரு," என்று சொல்லி, ஈரம் காயாத விரலைத் தானே டச்பேட்டில் வைத்தார்.

போனது. வாங்கிய நாளிலிருந்து சொன்ன பேச்சு கேட்காத அம்புக்குறி, வெண்ணெய் மேல் கத்தி போல வழுக்கிக்கொண்டு போனது. அதே நேரம் பார்த்து மூலையில் அந்தக் கட்டம் மறுபடி எட்டிப் பார்த்தது. அம்புக்குறி நேராக அதன் மேல் போய் நின்றது. மாமா விரலை எடுக்குமுன் ஒருமுறை அழுத்தினார்.

'நிறுவப்படுகிறது. மூட வேண்டாம். டச்பேட்டைத் தொட வேண்டாம். மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டாம்.'

"நான் ஒண்ணும் செய்யல," என்றார் மாமா. இரண்டு கையும் மேலே இருந்தன.

"எதையும் தொடாதீங்க," என்றேன். "தானா முடிஞ்சுடும். சார்ஜர் மட்டும் கழண்டுடக் கூடாது. இதுல பேட்டரி எப்பவோ போயிடுச்சு. பிளக் நழுவினா எல்லாம் போச்சு."

சொன்ன பிறகுதான் எல்லோரும் பால்கனிக் கதவோரம் இருந்த பிளக்கைப் பார்த்தோம். அந்தச் சுவர் சாக்கெட் கட்டடம் கட்டிய நாளிலிருந்தே தளர்ச்சி. எப்போதும் பிளக்குக்குக் கீழே ஓர் அட்டையை மடித்துச் செருகி வைத்திருப்பார்கள். இன்று காலை அடுப்பு ஆடுகிறது என்று அத்தை அந்த அட்டையை எடுத்து அடுப்புக் காலுக்குக் கொடுத்துவிட்டார். பிளக் தன் பாரத்துக்குத் தானே, அவசரமில்லாமல், தலை சாய்ந்துகொண்டிருந்தது.

அறுபதைத் தாண்டிய மனிதர் அப்படிப் பாய்ந்து நான் பார்த்ததில்லை. மாமா தரையில் ஒருக்களித்து விழுந்து, வலது கையால் பிளக்கைச் சுவரோடு அழுத்திப் பிடித்தார். பால்கனிக் கதவுக்குக் குறுக்கே அவர், அவர் மேல் இழுபட்டு நிற்கும் ஒயர். வெளியே அய்வார் 'பொளக் பொளக்' என்று கொதித்தது.

"மிலோயே, அடிப்பிடிக்குதுங்க," என்றார் அத்தை.

"பிடிக்கட்டும். யாரும் நகராதீங்க."

திரையில் நீலக் கோடு கொஞ்சம் ஊர்ந்தது. பாதியில் நின்றது. நின்றது நின்றபடி இருந்தது. போர்ச்சுகல்காரரை நினைத்துக்கொண்டேன்.

"வேணும்னேதானே அமுக்கினீங்க?" என்றாள் துன்யா. திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை.

"வேணும்னு அமுக்கினவன் இங்க வந்து கெடப்பானா?" தரையிலிருந்து பதில் வந்தது.

"கெடப்பான். கையை எடுத்தா முடிஞ்சது. தானா நழுவிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

கருகும் வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது. முதலில் இனிப்பாக, அப்புறம் அவ்வளவு இனிப்பாக இல்லாமல்.

"அம்மா, நீ போய்ப் பிடி," என்றாள்.

"வேணாம்," என்றார் மாமா. "கை மாறுற நேரத்துல நழுவிடும். ஓக்னென், நெஜமாவே நழுவினா போச்சா?"

"போச்சு மாமா. ஒரு நொடி நழுவினாலும் போச்சு."

"சரி."

அவர் இடது கையைக் கொண்டுவந்து வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அத்தை அவருடைய முதுகில் குறுக்குக் காற்றுப் படாமல் ஒரு துண்டைப் போட்டார். துன்யா இப்போது திரையைப் பார்க்கவில்லை. நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், மருத்துவமனையில் டிரிப் ஏறுவதைப் பார்க்கிற மாதிரி.

நீலக் கோடு திடீரென்று ஞாபகம் வந்தது போல மிச்ச தூரத்தையும் ஓடி முடித்தது. திரை கறுத்தது, வெளுத்தது. 'முடிந்தது' என்றது.

"இன்னும் விடாதீங்க," என்றேன்.

"விடல."

துன்யா மாதிரித் தேர்வைத் திறந்தாள். 'மருந்து' என்ற வார்த்தையைப் பிடித்து இழுத்தாள். அது வளையாமல், குதிக்காமல் போய், காலியிடத்தில் உட்கார்ந்தது. அடுத்த வார்த்தையும் உட்கார்ந்தது. அவள் அடுத்தடுத்து இழுத்துப் போட்டுக்கொண்டே போனாள். நோயாளிக்கு வேண்டிய மருந்தெல்லாம் கிடைத்தது.

"இப்போ விடலாமா?" என்று கேட்டது தரை.

"எந்திரிங்கப்பா," என்றாள்.

தாளை உரிக்காமல் அப்டேட் மட்டும் போட்டிருந்தாலும் சரியாகியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் தாளைத் திரும்ப ஒட்டிப் பார்க்க வேண்டும். அதை நான் அந்த வீட்டில் சொல்லவில்லை. மாமா பால்கனிக்குப் போய்ப் பானையின் அடியைச் சுரண்டினார். மேலாக இருந்ததை அத்தை புட்டிகளில் அடைத்தார். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. கூலியாக ஒரு புட்டி எனக்கும் வந்தது.

வாசல் வரை மாமாதான் வந்தார். கதவை இழுத்துச் சாத்துவது போலப் பாதி மறைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அந்த பிளக் நழுவியிருந்தா மெய்யாவே செத்திருக்குமா? இல்ல நீ சும்மா பயமுறுத்தினியா?"

"செத்திருக்கும் மாமா."

"உன்னால திருப்பி எழுப்பியிருக்க முடியாது?"

"திங்கட்கிழமைக்குள்ள முடியாது."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றார். "கீழ கெடந்த நேரம் பூரா அதையேதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

இடது கையால் கதவைச் சாத்தினார். வலது கை விரல்கள் இன்னும் பிளக்கைப் பிடித்தபடியே மடங்கியிருந்தன.